தமிழ் வழியில் படித்தவர் கேட் தேர்வின் ஆங்கிலத்தைப் பழகுவது எப்படி?

பொறியியல் பட்டதாரிகள் எம்.டெக். போன்ற மேற்படிப்புக்காக எழுதும் கேட் தேர்வுக்குத் தயாரான புதிதில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வு இன்னும் நினைவில் இருக்கிறது. ஏ, பி என்று இரண்டு கம்பிகள். விட்டம் முறையே 10 மிமீ, 20 மிமீ. இரண்டிலும் ஒரே இழுவிசை. ஏ-யில் உள்ள தகைவுக்கும் பி-யில் உள்ளதற்கும் என்ன விகிதம்? விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. இதெல்லாம் பதினொன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஆனாலும் நான் தேர்ந்தெடுத்த விடை 0.25. சரியான விடை 4. இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. இரண்டு மதிப்பெண் போனதோடு, மேலும் மூன்றில் இரண்டு மதிப்பெண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

என்னைக் கவிழ்த்தது தகைவைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் இல்லை. வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த ‘ரெஸ்பெக்டிவ்லி’யும், ‘ரேஷியோ ஆஃப் ஏ டு பி’யில் இருந்த அந்தச் சின்ன ‘டு’வும்தான். அன்றைக்கு என் சொற்பட்டியல் நோட்டைத் திறந்து பார்த்தேன். அறுநூறு சொல் எழுதி வைத்திருந்தேன், எல்லாம் பெரிய சொற்கள். இந்த இரண்டும் அதில் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து, பொறியியலுக்கு வந்ததும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியிலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

எதற்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்ஸியும் ஏழு ஐஐடிகளும் முறை வைத்து நடத்தும் தேர்வு இது. பிப்ரவரியில் நடக்கும். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். பெரும்பாலான பொறியியல் தாள்களில் பொதுத்திறன் 15, பொறியியல் கணிதம் 13, மீதி 72 உங்கள் துறைப்பாடம். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். நல்ல செய்தி ஒன்றும் உண்டு: நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். விடை எண்ணாகவோ, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாகவோ இருக்கும். அதனால் இலக்கணம் சரியாகப் பேச, எழுதக் கற்றுக்கொள்ளும் வேலையை இப்போதைக்கு ஒத்திப்போடலாம். வாசிப்பது ஒன்றுதான் வேலை. அதிலும் மூன்று, நான்கு வரிக்குள் அடங்கும் கேள்விகளை வாசிப்பதுதான்.

முதல் படி: பழைய பாடநூலை மறுபடி எடுங்கள்

சொற்களுக்கு அகராதி தேடி அலைவதற்கு முன், தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல் பாடநூல்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் தரவிறக்குங்கள். இரண்டும் இலவசம். ஒரே அத்தியாயம், ஒரே பயிற்சி, ஒரே கணக்கு. இதைவிட நல்ல இருமொழி அகராதி எனக்குத் தெரிந்து கிடையாது; ஏனென்றால் இது சொல்லை மட்டும் தராமல் அந்தச் சொல் புழங்கும் வாக்கியத்தையும் சேர்த்தே தருகிறது.

செய்முறை எளிது. தமிழில் ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கை வாசியுங்கள். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். உடனே அதே கணக்கை ஆங்கிலத்தில் வாசியுங்கள். பொருள் தெரிந்திருப்பதால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். அணி என்பது மேட்ரிக்ஸ், அணிக்கோவை என்பது டிடர்மினன்ட், பூச்சியக்கோவை அணி என்பது சிங்குலர் மேட்ரிக்ஸ், வகைக்கெழு டெரிவேட்டிவ், நிகழ்தகவு ப்ராபபிலிட்டி, திட்டவிலக்கம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன். சராசரிக்கு ஆங்கிலத்தில் மீன். இதைப் படித்துச் சிரிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. சிரித்தவர் யாரும் அதை மறந்ததும் இல்லை.

நிரை, நிரல் குழப்பம் தமிழிலேயே பலருக்கு உண்டு. நிரை படுத்திருக்கும், நிரல் நிற்கும். ஆங்கிலத்தில் நிரை ‘ரோ’, நிரல் ‘காலம்’. மூன்றுக்கு நான்கு அணி என்றால் மூன்று நிரை, நான்கு நிரல். இந்த வரிசை இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

இலங்கைப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு மேட்ரிக்ஸ் தாயம், டிடர்மினன்ட் துணிகோவை, ஸ்ட்ரெஸ் தகைப்பு, ஸ்ட்ரெயின் விகாரம். அவர்கள் தங்கள் நூலையே அடிப்படையாக வைத்துக்கொள்ளட்டும். எந்தத் தமிழ்ச்சொல் என்பது முக்கியமில்லை, உங்கள் தலையில் ஏற்கெனவே கணக்கோடு ஒட்டியிருக்கும் சொல்லாக அது இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பிடிவாதமான கருத்து எனக்கு உண்டு. “இனிமேல் தமிழ்ச் சொல்லை மறந்துவிடு, ஆங்கிலத்திலேயே யோசி” என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஐசோதெர்மல், அடியபேட்டிக் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆங்கில வழி நண்பர்கள் எனக்கு உண்டு. வெப்பநிலை மாறா நிகழ்வு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று படித்தவருக்கு அந்தக் குழப்பம் வர வழியே இல்லை. பெயரிலேயே வரையறை இருக்கிறது. அதைத் தூக்கிப்போடுவது கைமுதலைக் கிணற்றில் போடுவது மாதிரி.

கல்லூரிப் பாடச் சொற்கள் பள்ளி நூலில் இருக்காது. அதற்கு ஐஐடி, ஐஐஎஸ்ஸி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் காணொளிகளைப் பாருங்கள். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. தனிச்சொல் தேடத் தமிழக அரசின் சொற்குவை தளம் உதவும். ஆனால் கல்லூரிச் சொல் எல்லாவற்றுக்கும் தமிழ் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். பக்லிங் என்றால் ஒல்லியான தூண் மேலிருந்து அழுத்தும்போது நடுவில் வளைந்து வெளியே தள்ளுவது என்று தெரிந்தால் போதும். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை மேசையில் நிறுத்தி உச்சியில் விரலால் அழுத்துங்கள். அந்தக் காட்சிதான் அந்தச் சொல்லின் பொருள்.

இரண்டாம் படி: வாலிலிருந்து வாசியுங்கள்

சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் பிடிபடவில்லை என்றால் காரணம் இதுதான். தமிழ் நடக்கும் திசைக்கு ஆங்கிலம் நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. நம் வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் வருகிறது. அவர்களுடையது முன்னால் வருகிறது.

ஒரு கேள்வியின் துண்டைப் பாருங்கள்: “த மேக்ஸிமம் ரேட் ஆஃப் சேஞ்ச் ஆஃப் டெம்பரேச்சர் அட் த பாயின்ட் பி”. முன்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினால் பெரும, வீதம், மாற்றம், வெப்பநிலை, புள்ளி, பி என்று ஒரு குவியல்தான் கிடைக்கும். இப்போது கடைசியிலிருந்து ஏறி வாருங்கள்: பி என்ற புள்ளியில் வெப்பநிலை மாறும் பெரும வீதம். தானாகவே நல்ல தமிழ் ஆகிவிட்டது. ‘ஆஃப்’ வருமிடமெல்லாம் வலப்பக்கத்தை முதலில் சொல்லி, நம் ‘இன்’ உருபு போட்டு, இடப்பக்கத்துக்கு வர வேண்டும். பொருள் புரிந்ததும் கணக்கும் தெரிந்துவிடும்: சாய்வு வெக்டரின் எண் மதிப்பு.

மின்னியல்காரர்கள் தினமும் சொல்லும் ‘ரூட் மீன் ஸ்கொயர்’ இதற்கு நல்ல பயிற்சி. வாலில் ஸ்கொயர், முதலில் வர்க்கம் எடு. அடுத்து மீன், சராசரி காண். தலையில் ரூட், கடைசியாக வர்க்கமூலம். பெயரே செய்முறை, பின்னாலிருந்து வாசித்தால்.

‘விச்’ வரும் நீண்ட வாக்கியத்துக்கு வேறு உத்தி. அதைத் திருப்ப வேண்டாம், வெட்டுங்கள். “நீளம் எல் உள்ள தண்டு, அதன் ஒரு முனை சுவரில் ஹிஞ்ச் செய்யப்பட்டு, மறுமுனையில் டபிள்யூ சுமை தாங்கி...” என்று ஆங்கிலத்தில் மூன்று வரி ஓடும். நீங்கள் தாளில் எழுத வேண்டியது: ஒரு தண்டு. நீளம் எல். ஒரு முனையில் கதவுக்கீல் மாதிரிக் கீல். மறுமுனையில் சுமை டபிள்யூ. நான்கு குட்டி வாக்கியம், பக்கத்தில் ஒரு படம். படம் வரையாமல் கணக்குக்குள் போகாதீர்கள். படம் வரைய முடிகிறதா என்பதுதான் வாக்கியம் புரிந்ததற்குச் சாட்சி.

மூன்றாம் படி: சின்னச் சொற்களுக்குத் தனி நோட்டு

என் அறுநூறு சொல் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அதில் சின்னச் சொற்கள் மட்டும். தேர்வில் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்த நோட்டுதான் என்று சத்தியம் செய்வேன்.

ஒரு பெட்டியில் 4 சிவப்புப் பந்து, 6 பச்சைப் பந்து. இரண்டு பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, திரும்பப் போடாமல் எடுக்கிறோம். இந்த ஒரே பெட்டியை வைத்து எத்தனை கேள்வி கேட்கலாம் பாருங்கள். ‘போத்’ சிவப்பு, அதாவது இரண்டுமே சிவப்பு: 12/90. ‘எக்ஸாக்ட்லி ஒன்’, சரியாக ஒன்று: 48/90. ‘அட் லீஸ்ட் ஒன்’, குறைந்தது ஒன்று: இரண்டையும் கூட்டி 60/90. ‘அட் மோஸ்ட் ஒன்’, ஒன்றுக்கு மேல் கூடாது: 78/90. பந்தும் பெட்டியும் அதே. இரண்டு சொல் மாறியதும் விடை 0.13-இலிருந்து 0.87 வரை ஆடுகிறது. ‘வித்தவுட் ரீப்ளேஸ்மென்ட்’ என்பது ‘வித் ரீப்ளேஸ்மென்ட்’ ஆனால், எடுத்த பந்தைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். குறைந்தது ஒன்று சிவப்பு என்பதன் நிகழ்தகவு 0.67-க்குப் பதில் 0.64. தேர்வு நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தவறாக வாசித்தால் வரும் விடையும் வாய்ப்புகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

‘கிவன் தட்’ இன்னொரு ஆள்மாறாட்டக்காரன். மற்ற பாடங்களில் ‘தரப்பட்டுள்ளது’ என்று மட்டும் பொருள். நிகழ்தகவில் வந்தால் அது நிபந்தனை நிகழ்தகவு. “முதல் பந்து சிவப்பு, கிவன் தட்” என்று வந்த உடனே பெட்டியில் மீதி 9 பந்து, அதில் சிவப்பு 3 என்று உலகத்தையே சுருக்கிக்கொள்ள வேண்டும்.

‘எனி’ என்ற சொல்லில் நான் வெகுநாள் ஏமாந்தேன். ‘ஏதேனும் ஒரு’ என்று மனப்பாடம் செய்திருந்தேன். ‘ஃபார் எனி எக்ஸ்’ என்று கணிதத்தில் வந்தால் எந்த எக்ஸை எடுத்தாலும் என்று பொருள், அதாவது எல்லா எக்ஸுக்கும். ‘ஃபார் சம் எக்ஸ்’ வந்தால்தான் ஏதேனும் ஒன்றுக்காவது.

‘பை’யும் ‘டு’வும் சண்டைக்காரர்கள். விலை 40 ரூபாய் ‘பை’ உயர்ந்தால் பழைய விலையோடு 40 கூட்ட வேண்டும். 40 ரூபாய் ‘டு’ உயர்ந்தால் புது விலையே 40தான். தமிழில் ‘40 ரூபாய் உயர்ந்தது’, ‘40 ரூபாயாக உயர்ந்தது’. நம் ‘ஆக’ செய்யும் வேலையை அங்கே ‘டு’ செய்கிறது. ‘ரேஷியோ ஆஃப் ஏ டு பி’யில் முதலில் வருவது மேலே, இரண்டாவது கீழே, இதை என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தேன், காரணம் உங்களுக்குத் தெரியும். ‘தட் இன் பி’ என்று வரும் ‘தட்’ முன்பு சொன்ன பெயரின் நிழல். தொடக்கத்தில் சொன்ன கம்பிக் கேள்வியில் அது தகைவு.

‘ரெஸ்பெக்டிவ்லி’ நம் ‘முறையே’தான். நாம் அதை எண்களுக்கு முன்னால் சொல்லி எச்சரித்துவிடுவோம். ஆங்கிலத்தில் எண்ணெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வந்து நிற்கும். அதனால் இரண்டு பெயர், இரண்டு எண் சேர்ந்து வந்தாலே வாக்கியத்தின் முடிவுவரை போய்விட்டு வாருங்கள்.

கணினித் துறையினருக்கு இன்னும் இரண்டு. ‘அன்லெஸ்’ என்றால் தமிழில் ‘ஒழிய’. “மழை பெய்தாலொழிய பயிர் விளையாது” என்பதை அப்படியே தர்க்கக் குறியீட்டில் எழுதலாம்: மழை இல்லையென்றால் விளைச்சல் இல்லை. ‘ஒன்லி இஃப்’ என்பது ‘ஆல் மட்டுமே’. “நீ வந்தால் மட்டுமே நான் வருவேன்” என்று ஒருவன் சொல்கிறான். அவன் வந்திருந்தால் நீ வந்திருக்கிறாய் என்பது உறுதி. நீ வந்துவிட்டாய் என்பதற்காக அவன் வந்தே தீர வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. தர்க்கக் குறியீட்டில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள்.

‘லெட்’ வந்தால் ‘என்க’. ‘சச் தட்’ வந்தால் ‘என்றவாறு’. இவற்றுக்குமேல் அவற்றில் ஒன்றுமில்லை. டிடர்மின், இவால்யுவேட், கம்ப்யூட், ஃபைண்ட் எல்லாமே நம் ‘காண்க’.

நான்காம் படி: சொல்லைச் சமன்பாடாக மாற்றுங்கள்

பொறியியல் கேள்வியில் வரும் பெயரடைகள் அழகுக்காக வருவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு தரவு. எண்ணாகச் சொல்லாமல் சொல்லாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் சொல் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ப் பொருள், அது தரும் சமன்பாடு. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சொல் உங்களுக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம்.

ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம். 3-க்கு 3 சிங்குலர் மேட்ரிக்ஸ் ஒன்றின் ட்ரேஸ் 7. அதன் ஐகன்வேல்யூக்களில் (அந்த அணிக்கே உரிய சிறப்பு மதிப்புகளில்) ஒன்று 2. மீதி இரண்டும் என்ன? இதில் எண் இரண்டுதான் தெரிகிறது, தெரியாதவையும் இரண்டு. இரண்டு தெரியாததைக் காண இரண்டு சமன்பாடு வேண்டும். ட்ரேஸ் என்றால் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல். ஐகன்வேல்யூக்களின் கூடுதலும் அதுவே. அதிலிருந்து ஒரு சமன்பாடு. மற்றது எங்கே? ‘சிங்குலர்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பூச்சியக்கோவை அணி, அதாவது அணிக்கோவை பூஜ்யம். ஐகன்வேல்யூக்களின் பெருக்கற்பலன் அணிக்கோவை என்பதால் அவற்றில் ஒன்று பூஜ்யம். மீதி 7-இலிருந்து 2 போக 5. அந்தச் சொல்லை யாரோ ஒரு அணியின் பெயர் என்று நினைத்துத் தாண்டிப் போனவர் தரவு போதவில்லை என்று உட்கார்ந்திருப்பார். (ஐகன் என்பது ஜெர்மன் சொல், ‘தனக்கே உரிய’ என்று பொருள். ஆங்கில வழியில் படித்தவருக்கும் அது அந்நியச் சொல்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

இயக்கவியலில் ‘ஸ்மூத்’ என்றால் உராய்வு பூஜ்யம். ‘லைட்’ என்றால் வெளிச்சம் இல்லை, நிறை பூஜ்யம். ‘இன்எக்ஸ்டென்சிபிள்’ கயிறு நீளாது, ஆகவே இரு முனைகளின் முடுக்கமும் அளவில் சமம். ‘ஃப்ரம் ரெஸ்ட்’ என்றால் தொடக்க வேகம் பூஜ்யம். ‘த ரெஸ்ட் ஆஃப் த ராட்’ என்றால் தண்டின் மீதிப் பகுதி. வெப்ப இயக்கவியலில் ‘ரிஜிட் டேங்க்’ வந்தால் கனஅளவு மாறாது, எல்லை நகர்வதால் செய்யப்படும் வேலை பூஜ்யம். ‘இன்சுலேட்டட்’ வந்தால் வெப்பப் பரிமாற்றம் பூஜ்யம். பாய்மவியலில் ‘ஸ்டெடி’ என்றால் நேரத்தைப் பொறுத்த மாற்றமெல்லாம் பூஜ்யம். ‘இன்கம்ப்ரெசிபிள்’ என்றால் அடர்த்தி மாறிலி. கட்டடத்தின் விட்டங்களில் (பீம்) ‘ஹிஞ்ச்ட்’ முனையில் வளைவுத் திருப்புத்திறன் பூஜ்யம். ‘ஃபிக்ஸ்ட்’ முனையில் விலக்கமும் சரிவும் பூஜ்யம். மின்னியலில் எதிர்ப் பின்னூட்டம் உள்ள ‘ஐடியல்’ ஆப்-ஆம்ப் என்றால் உள்ளீட்டு மின்னோட்டம் பூஜ்யம், இரண்டு உள்ளீட்டிலும் ஒரே மின்னழுத்தம். எத்தனை பூஜ்யம் பாருங்கள். கேள்வியை நமக்கு எளிதாக்கத்தான் இந்தச் சொற்களைப் போட்டிருக்கிறார்கள். புரியாதவருக்கு அவையே சுமையாகத் தெரிகின்றன.

வினையடையும் இப்படித்தான். 100 சதுர மிமீ குறுக்குப் பரப்புள்ள கம்பியில் 10 கிலோநியூட்டன் சுமையை ‘கிராஜுவலி’, மெல்ல மெல்ல ஏற்றினால் தகைவு 100 மெகாபாஸ்கல். அதே சுமையை ‘சடன்லி’, திடீரென்று ஏற்றினால் உச்சத் தகைவு 200. ஒரு வினையடைக்கு இரண்டு மடங்கு.

ஐந்தாம் படி: ஒரு சொல், பல வீடு

‘நார்மல்’ என்ற ஒரு சொல்லுக்கு என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் போனது. தளத்துக்கு நார்மல் என்றால் செங்குத்து. நார்மல் ஸ்ட்ரெஸ் என்றால் பரப்புக்குச் செங்குத்தான தகைவு. நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன் இயல்நிலைப் பரவல். நார்மல் டெப்த் என்றால் சிவில்காரர்களுக்குக் கால்வாயில் சீரான ஓட்டத்தின் ஆழம். கணினிக்காரர்களுக்கு டேட்டாபேஸில் நார்மல் ஃபார்ம். டாக்டர் “நார்மல்” என்று சொன்னால்தான் நாம் நினைக்கும் நார்மல்.

‘டிகிரி’ கோணத்தில் பாகை, பல்லுறுப்புக் கோவையில் படி, வரைபடக் கோட்பாட்டில் ஒரு முனையைத் தொடும் கோடுகளின் எண்ணிக்கை. வகைக்கெழுச் சமன்பாட்டில் ‘ஆர்டர்’ வரிசை, ‘டிகிரி’ படி. இந்த இரண்டையும் மாற்றிப்போட்டால் மதிப்பெண் போச்சு. ‘ஹோமோஜீனியஸ்’ நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பில் வந்தால் வலப்பக்கம் பூஜ்யம். மண்ணைப் பற்றி வந்தால் எல்லா இடத்திலும் ஒரே தன்மை. ‘பேரிங்’ மெக்கானிக்கலில் சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு, நில அளவையில் திசைக்கோணம், அடித்தளப் பொறியியலில் மண்ணின் தாங்குதிறனில் வருவது. ‘மொமென்ட்’ என்றால் நொடி என்று எண்ணியவர்கள், அது திருப்புத்திறன் என்று தெரிந்து இப்போது சிரிக்கலாம்.

மிக மோசமானது ‘இன்டெக்ரல்’. தொகையீடு என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். ‘இன்டெக்ரல் வேல்யூஸ் ஆஃப் என்’ என்று வந்தால் அங்கே தொகையீட்டுக்கு இடமே இல்லை. என்-இன் முழு எண் மதிப்புகள் என்று பொருள். இன்டீஜர் என்ற சொல்லின் பெயரடையும் இதே உருவத்தில் வந்து தொலைக்கிறது.

இந்தச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கையால் எழுதிவையுங்கள். பக்கத்தில் இருக்கும் சொல்தான் எந்த வீடு என்று காட்டிக்கொடுக்கும்.

குடும்பமாகப் பிடிக்கக்கூடியவையும் உண்டு. ரெசிஸ்டன்ஸ், கண்டக்டன்ஸ் என ‘அன்ஸ்’ஸில் முடிபவை ஒரு பொருளுக்கு, அதன் நீளத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப மாறும். ரெசிஸ்டிவிட்டி, கண்டக்டிவிட்டி என ‘இவிட்டி’யில் முடிபவை செம்பு, இரும்பு என்ற அந்த வகைப் பொருளுக்கே உரிய பண்பு. கம்பியை இரண்டாக வெட்டினால் முதலாவது மாறும், இரண்டாவது மாறாது. ‘ஐசோ’ வந்தால் ஏதோ ஒன்று சமம் அல்லது மாறாதது. பின்னால் வரும் துண்டு எது என்று சொல்லும்.

ஆறாம் படி: ஒரு நாளின் அளவு

விண்ணப்பம் போடும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கினால் போதிய நேரம் இருக்கிறது. சொல்லுக்காக ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். முதல் மூன்று வாரம் பள்ளி நூல்களை இணையாக வாசிப்பது. அதன் பிறகு தினம் ஐந்து பழைய கேள்விகள். அதிகாரப்பூர்வத் தளத்திலேயே கிடைக்கின்றன. முதலில் கணக்கைப் போட வேண்டாம். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில், பேச்சுத் தமிழிலேயே, வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் வரையுங்கள். சொல்லில் ஒளிந்த சமன்பாடுகளை எழுதுங்கள். பிறகு கணக்கு. விடை தப்பினால் கணக்குப் பிழையா, வாசிப்புப் பிழையா என்று பக்கத்தில் ஒரு ‘க’வோ ‘வா’வோ போடுங்கள். எனக்கு முதல் மாதம் முழுக்க ‘வா’தான். நான் கணிதத்தில் மந்தம் என்று நினைத்திருந்தது பொய் என்று அந்தப் பட்டியல்தான் காட்டிக்கொடுத்தது.

டிசம்பரிலிருந்து வாய்விட்டுத் தமிழாக்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்நேரத்துக்கு நீங்கள் விரும்பாவிட்டாலும் ‘அட் மோஸ்ட்’ என்றதும் கை தானாகச் சரியான குறியைப் போடும்.

பொதுத்திறன் பகுதி

பத்துக் கேள்வி, 15 மதிப்பெண். இதில் ஒன்றிரண்டு நேரடி ஆங்கிலச் சொல் கேள்வி வரும். அதற்காகத் தடித்தடியாகச் சொல் அகராதி வாங்கி மனப்பாடம் செய்வது, என்னைக் கேட்டால், வீண் வேலை. கடலில் இரண்டு சொல்லைத் தேடும் கதை. நேரத்தைக் கூற்று, முடிவு வகைக் கேள்விகளில் போடுங்கள். அங்கே ‘ஆல்’, ‘சம்’, ‘நோ’, ‘ஒன்லி’ என்ற நான்கு சொல்தான் மொத்த விளையாட்டும். வட்டம் வரைந்து பழகுங்கள்.

‘ட்வைஸ் அஸ் மெனி பாய்ஸ் அஸ் கேர்ல்ஸ்’ போன்ற அமைப்பில் பலர் தலைகீழாக எழுதுவார்கள். பெண்களைப்போல் இரு மடங்கு ஆண்கள். பெண் 10 என்றால் ஆண் 20. எண் போட்டுச் சரிபார்த்த பிறகே சமன்பாட்டை எழுதுங்கள்.

தேர்வு அறையில்

கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். எதைக் கேட்கிறார்கள், எந்த அலகில் கேட்கிறார்கள், எத்தனை தசம இடம் என்பது அங்கேதான் இருக்கும். எண் விடை எழுதும் கேள்விகளுக்குத் தவறினாலும் கழிவு இல்லை. ஆனால் ‘ரவுண்ட் ஆஃப் டு டூ டெசிமல் ப்ளேசஸ்’ என்று கேட்டிருந்தால் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் கொடுக்க வேண்டும். இடையில் எங்கும் முழுமையாக்காமல் கடைசியில் மட்டும் செய்யுங்கள். 2021 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விகளும் வருகின்றன. அங்கே ‘விச் ஆஃப் த ஃபாலோயிங் இஸ்/ஆர்’ என்று இருக்கும். அந்த ‘ஆர்’ சும்மா இல்லை. ஒன்று சரி என்று கண்டதும் நிறுத்தாமல் நான்கையும் பாருங்கள். ‘நாட்’, ‘இன்கரெக்ட்’ வரும் கேள்வியில் கையிலிருக்கும் குறிப்புத்தாளில் பெரிதாக ஒரு ‘இல்லை’ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பான் திரையிலேயே வரும், நம்முடையதைக் கொண்டுபோக முடியாது. அதில் டிகிரி, ரேடியன் என்று இரண்டு பொத்தான் இருக்கிறது. சைன், காஸ் போடும் ஒவ்வொரு முறையும் எது அழுத்தியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போடுங்கள்.